மிதவையின் கிழக்குப் பக்கம்

நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் ஒதுங்கும். முகத்துவாரக்குப்பத்துக் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, கப்பல் ஓட்டுகிற படித்தவர்களுக்குத் தெரியவில்லை. உயரமாகத் துணி கட்டிய ஒரு மிதவையைக் கொண்டுவந்து கடலில் நங்கூரம் போட்டிருந்தார்கள். படைக்காரர் சாமான் என்று மற்றவர்கள் பயந்து விலகினார்கள். என் வீட்டுக்காரர் வேலப்பனுக்குப் பயமும் கிடையாது, புத்தியும் கிடையாது. மூன்று நாளாக அதன் அடியில்தான் பாரை மீன் பிடித்தார்.

சுதந்திரம் வந்த ஏழாம் வருஷம் அது. அன்று அவர் விடியலில் கட்டுமரம் ஏறிப் போய்விட்டார். உச்சிப்பொழுது கழிந்துதான் தண்டோரா வந்தது. நம் கப்பல், வெள்ளைக்காரன் கப்பல், சிலோன் கப்பல் எல்லாம் சேர்ந்து பயிற்சி செய்யுமாம். அந்த மிதவையைக் குறிவைத்துப் பீரங்கி சுடுமாம். இதை நேற்றே சொன்னால் யார் வீட்டுச் சொத்து குறைந்துவிடும்?

கரையில் படையாட்கள் கூடாரம் போட்டு, ஒயர்லெஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஓடினேன். நம் அதிகாரிக்கு இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். கையை ஆட்டி விரட்டினார். வெள்ளைக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிலோன்காரர் ஒருவர்தான் எழுந்து வந்தார்.

"என்னம்மா, ஏன் அழுறியள்?"

"எங்க வூட்டுக்காரு அந்த மெதவையாண்ட கீறாரு சாமி. சுட வாணாம்னு சொல்லு."

அவர் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி தூரக்கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அங்கை ஒருத்தரும் இல்லையாம், அம்மா."

"வெயிலு மேற்கால சாஞ்சிடுச்சு. நெயலு இப்போ கெயக்கால கீது. மீனு நெயல்லதான் நிக்கும், அவரும் அங்கதான் நிப்பாரு. துணிக்குப் பின்னால கீற ஆளு இங்கேர்ந்து எப்டித் தெரியும்?"

சிலோன்காரர் முகம் வெளுத்தது. பெட்டியிடம் ஓடிப்போய்க் கத்தினார். அதற்குள் முதல் குண்டு விழுந்துவிட்டது. மிதவைக்குப் பக்கத்தில் பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த குண்டு வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, படகில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கை கால் முழுசாக இருந்தது. இருந்த பயமெல்லாம் கோபமாகி, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். காதோரம் ரத்தம் வடிந்து காய்ந்திருந்தது.

ஆள் கரை சேர்ந்துவிட்டதால் மறுபடியும் சுட ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் குப்பமே அலறி மணலில் குப்புற விழுந்தது. அவர் மட்டும் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நின்றபடி என்னைக் கேட்டார்:

"இன்னாத்துக்கு எல்லாரும் படுத்துகினாங்கோ?"