ஹீப்ரு குடிபுகுந்த வீடு

கொட்டாஞ்சேனையில் புஷ்பராஜ் குடும்பம் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்குள், முந்தின வருட விஜயதசமியிலிருந்து அவர்கள் வாயில் தமிழ் வருவதில்லை, ஹீப்ருதான் வருகிறது. வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தால் தமிழ் பழையபடி வந்துவிடும், சந்திக் கடையில் சிங்களமும் வரும். திரும்பி உள்ளே கால் வைத்தால் ஹீப்ரு. அதோடு, வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் அந்த வீட்டு அடுப்பு பற்றாது. யூதர்களின் ஓய்வுநாளான ஷப்பாத் அப்போது தொடங்குகிறது. சனிக்கிழமை இருட்டி, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் அது முடியும், அடுப்பும் பற்றும். கொட்டாஞ்சேனை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிவது இலேசான காரியமல்ல என்பதால், மழை பிடித்த ஒரு வாரத்தில் செவ்வாய்க்கிழமைதான் சோறு பொங்கியது. காஸ் கடைக்காரர் வந்து சிலிண்டரைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு சஹ்லாவின் அடுப்பில் பூட்டிப் பார்த்தார். நீலமாக எரிந்தது. பிழை சிலிண்டரில் இல்லை, வீட்டில்தான் என்று சொல்லி, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு வெங்காய மூட்டை. புறக்கோட்டையில் மூட்டை சுமந்துகொண்டிருந்த புஷ்பராஜின் முதுகில் அது லொறியிலிருந்து சரிந்து விழுந்தது. இனி ஒரு தேங்காய்க்கு மேல் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். மனைவி ரதி வேலைசெய்த மட்டக்குளி ஆடைத் தொழிற்சாலையும் அதே வருடம் பூட்டுப்பட்டது. பத்து வயது மகள் டில்ஷானியைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தி, பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் கைக்குழந்தை பார்க்க விடலாமே என்று சொந்தக்காரி ஒருத்தி வந்து யோசனை சொன்னாள். அவள் படி இறங்கிப் போனதும் ரதி முகத்தைக் கழுவிக்கொண்டு, இஸ்ரேலில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதென்று முடிவெடுத்தாள். அந்த வேலைக்கு ஹீப்ரு தெரிந்திருக்க வேண்டும்.

ஹீப்ரு வெள்ளவத்தையில் கிடைத்தது. காலி வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் ‘கலாநிதி ஸ்ரீஸ்கந்தராசா சர்வதேச மத்திய கிழக்கு மொழிகள் மற்றும் பண்பாட்டு உயர்பீடம்’ இருந்தது. உயர்பீடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளம் என்பதால் அதன் கடைசிச் சொல் பக்கத்துப் பல் வைத்தியரின் சுவரில் தொங்கியது. பல்வலிக்காரர் சிலர் தவறி உள்ளே வந்து கலாநிதியிடம் வாயைத் திறந்து காட்டியதும் உண்டு. அவருடைய கலாநிதிப் பட்டம் தபாலில் வந்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போகையில் விமானம் இஸ்ரேலுக்குக் கிட்டவாகப் பறந்தது, நான் யன்னல் பக்கம் இருந்தேன் என்று வகுப்பில் சொல்வார். அந்த நாட்டோடு அவருக்கிருந்த பழக்கம் அவ்வளவுதான். அவருடைய முறைக்குப் பெயர் ‘குடும்ப வாழ்வுவழிக் கற்றல்’. மொழியை வகுப்பில் படிக்கக் கூடாது, வீட்டில் வாழ வேண்டும், சமையலிலும் பண்டிகையிலும் அது தானாக வரும் என்பார். வகுப்புக்கு வராமல் இருப்பதற்கு ஓர் ஆசிரியருக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது.

ரதி அந்த முறையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் முருகன் படத்துக்கு விளக்கேற்றிய கையோடு பக்கத்தில் இரண்டு மெழுகுதிரி ஏற்றினாள். ஷப்பாத் மேசைக்கு வேண்டிய பின்னல் பாணுக்குப் பதில் பேக்கரியில் முதலை வடிவக் கிம்புலா பனிஸ் வாங்கினாள், வைனுக்குப் பதில் திராட்சைச் சோடா ஊற்றினாள். உப்பைக் கேட்பதென்றாலும் கதவைச் சாத்தச் சொல்வதென்றாலும் மூன்று பேரும் உயர்பீடம் கொடுத்த தாளைப் பார்த்து ஹீப்ருவில் கேட்டார்கள். ஆனால் படித்ததெல்லாம் வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் பம்பலப்பிட்டி வருமுன்பே கழன்றுவிடும். பரீட்சையில் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மூன்றாம் முறை தவறியபோது, இஸ்ரேலுக்கு ஆள் அனுப்பும் முகவர், இன்னும் ஒரு தரம்தான், அதற்குப் பிறகு உங்கள் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்றார். அன்று வீட்டுக்கு வந்த ரதி, டில்ஷானியின் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு அதன் கீழேயே வெகுநேரம் இருந்தாள்.

அந்த வருடம் விஜயதசமியும் யூதர்கள் விரதமிருக்கும் யோம் கிப்பூரும் ஒரே நாளில் வந்தன. விரதம் ரதிக்குப் புதிதல்ல. இரண்டையும் ஒரே பட்டினியில் முடித்தாள். பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் அந்த நாளில் அவள் தனக்கே ஏடு தொடக்கினாள். கும்பம் வைத்து, தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஹீப்ருவின் முதல் எழுத்தை விரலால் எழுதினாள். புது வீட்டுக்குப் போனால் செய்வதுபோல் பால் காய்ச்சிப் பொங்கவிட்டாள். பிறகு நெற்றியைத் தரையில் வைத்துக் கேட்டாள்.

“இந்த வீட்ல தங்கிரு தாயே. வேற எங்கயும் போயிடாத.”

மொழி அவள் கேட்டதை அப்படியே செய்தது. மறுநாள் காலையில் புஷ்பராஜ் ‘போக்கர் தோவ்’ என்று காலை வணக்கம் சொல்லித் தேத்தண்ணி கேட்டார். தாளைப் பார்க்கவில்லை. சீனி குறைவு என்று டில்ஷானி ஹீப்ருவில் சிணுங்கினாள். இருக்கிற சீனி அவ்வளவுதான் என்று ரதி ஹீப்ருவில் ஏசினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். தமிழில் சிரிக்கத்தான் முடிந்தது. சில நாள் கழித்து, யூதர்களின் குடில் பண்டிகை வந்தபோது, பல்கனியில் ஓர் ஓலைக் குடில் தானாக நின்றது. அனுமதியில்லாத கட்டடம் என்று மாநகரத்து உத்தியோகத்தர் ஒருவர் அறிவித்தல் ஒட்டினார். பண்டிகை முடிந்ததும் குடில் தானாகப் போயிற்று. அவர் அதைத் தமது நடவடிக்கையின் பலன் என்று பதிந்துகொண்டார். எதிர்வீட்டு சஹ்லா முன்போல உள்ளே வந்து இருந்து கதைப்பதை விட்டாள். வாசலில் நின்று, “உள்ளுக்கு நீங்க என்ன செல்றீங்கன்டு வெளங்குதில்ல புள்ள, வெளிய வந்து செல்லுங்க,” என்பாள். ரதி வெளியே வந்து சொல்வாள். சஹ்லாவின் வீட்டு டீவியில் இஸ்ரேலைப் பற்றி வேறு செய்திகள் ஓடின. சில நாள் அவள் கண் சிவந்திருக்கும். அதைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை. கறிவேப்பிலை மட்டும் கைமாறியது.

செய்தி வெள்ளவத்தைக்கு எட்டியதும் கலாநிதி கழுத்துப்பட்டி கட்டி, படம் பிடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். புஷ்பராஜ் எழுந்து, இந்தக் கதிரையின் பின்கால் உடைந்திருக்கிறது, மற்றதில் இருங்கள் என்று ஹீப்ருவில் சொன்னார். கலாநிதி கண்ணை மூடித் தலையாட்டினார்.

“அருமை. உச்சரிப்பு எண்டால் இதுதான் உச்சரிப்பு.”

டில்ஷானி ஓடிவந்து, ஐயா, அதில் இருந்தால் விழுவீர்கள் என்று ஹீப்ருவில் கத்தினாள். “பிள்ளை தகப்பனையும் மிஞ்சீட்டுது,” என்று சொல்லிக்கொண்டே அவர் அதிலேயே உட்கார்ந்தார். அடுத்த மாதம் உயர்பீடம் வெளியிட்ட துண்டுப்பிரசுரத்தில் அவருடைய படம் நெஞ்சுக்கு மேல் மட்டும் வந்தது.

ஆனால் வீட்டில் மழையாகப் பெய்த மொழி வாசற்படிக்கு வெளியே ஒரு துளியும் விழவில்லை. கடைசிப் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்க, ரதி உயர்பீடத்தின் படியில் கலாநிதியை மறித்தாள்.

“வீட்டுக்குள்ள எல்லாம் வருது சேர். படி தாண்டினா ஒரு சொல்லு நிக்க மாட்டேங்குது.”

“அப்ப படி தாண்டாதையும். கடைசித் தரம் இன்ரவியூவா வீடியோவிலதானே வைக்கினம். வீட்டிலையிருந்து குடும்.”

“அங்க போனதுக்கு அப்புறம் என்னா செய்றது சேர்?”

“அங்க போனாப் பிறகு அது அவையின்ர பிரச்சினை, பிள்ளை. எங்கட பிரச்சினை இஞ்சையே முடிஞ்சிடும்.”

ரதி வீட்டிலிருந்து பேசினாள். திரையின் அந்தப் பக்கம் ஹைஃபா நகரத்து மனிதர் ஒருவர் இருந்தார். ரிவ்கா என்ற தம் தாயைப் பார்க்க ஆள் தேடினார். வயதான பெண்கள் ஏன் கோபப்படுகிறார்கள் என்று கேட்டார். வலிக்கிற இடத்தைவிட்டு எல்லோரும் வேறு இடத்தைத் தடவுவதால்தான் என்று ரதி ஹீப்ருவில் சொன்னாள். எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்டார்.

புறப்படுமுன் ரதி செய்து பார்க்காதது இல்லை. கும்பத்து அரிசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியிறங்கினாள். வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்க் கீழே தெருவில் நின்று குடித்தாள். திரும்பவும் கும்பம் வைத்து, என்னோடு வா என்று கெஞ்சினாள். வீட்டுக்குள் நின்று கெஞ்சியதால் அதையும் ஹீப்ருவிலேயே கெஞ்சினாள். மொழி அசையவில்லை. கும்பிட்டு இருத்தியவளே எழுந்து போகச் சொன்னால் எந்தத் தெய்வம் போகும்? பயணம் போகிற நாளில், மகளிடம் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்வதற்காக மூன்று பேரும் படிக்கட்டுக்கு வந்து நின்றார்கள். பெட்டி முதலில் இறங்கியது.

விமானத்தால் இறங்கி ஹைஃபாவுக்கு வந்த ரதி சிரிக்க மட்டும் செய்தாள். பயணக் களைப்பு என்று அந்த மகன் நினைத்தார். மறுநாளும் அவள் சிரித்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த ரிவ்கா தண்ணீர் கேட்டால் போர்வை கொண்டுவந்தாள், போர்வை கேட்டால் யன்னலைத் திறந்தாள். கிழவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாளைக்கு முகவரோடு பேசப்போவதாக மகன் மெதுவான இங்கிலீசில் சொல்லிவிட்டுப் போனார். அது ரதிக்கு விளங்கியது. குசினிக்குள் போய் வீட்டுக்கு அழைப்பு எடுத்தாள். எடுத்தது டில்ஷானி. அம்மாவைக் கண்ட சந்தோசத்தில் ஏதேதோ சொன்னாள். எல்லாம் ஹீப்ரு, ரதிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு போனைக் கொண்டுபோய்க் கிழவியின் காதில் வைத்தாள். ரிவ்கா ஒன்று சொன்னாள். டில்ஷானி போனோடு வாசற்படியைத் தாண்டி வெளியே ஓடிவந்து நின்று மூச்சிரைத்தாள்.

“தலகாணிய கால்மாட்டுக்கு மாத்த சொல்றாங்கம்மா. இடது பக்கம்.”

சொல்லிவிட்டு உள்ளே ஓடி, சரியா என்று ஹீப்ருவில் கேட்டாள். சரி என்று கேட்டதும் திரும்ப வெளியே ஓடிவந்தாள். படியின் மேலேயே நின்று பார்த்தால் என்ன என்று புஷ்பராஜ் யோசனை சொன்னார். படியில் நின்றால் எந்த மொழியும் வரவில்லை, வாய் பூட்டிக்கொண்டது. ஆகவே ஓட்டம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிள்ளை உள்ளுக்கும் வெளிக்குமாக ஓடினாள். பிள்ளை இல்லாத நேரம் புஷ்பராஜ் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மகன் முகவரோடு பேசவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குடும்பமே தம் தாயைப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெள்ளவத்தையில் கலாநிதி இதைத் ‘தொலைவழிப் பராமரிப்பு’ என்று பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

மாதங்கள் போகப் போக ஓட்டம் குறைந்தது. கிழவியும் பிள்ளையும் தங்களுக்குள் நெடுநேரம் கதைக்கத் தொடங்கினார்கள், அதில் சொல்லியனுப்ப வேண்டியது கொஞ்சம்தான் இருந்தது. யூதர்கள் புளித்த பாணைத் தொடாத பாஸ்கா கிழமையில் தங்கள் வீட்டுக்குள் பாண் வர மறுக்கிறது, படியிலேயே கையைவிட்டு நழுவுகிறது என்று டில்ஷானி சொன்னாளாம், நல்ல வீடு என்று ரிவ்கா சொன்னாளாம். புஷ்பராஜுக்கு முதுகுக்குத் தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்தாளாம். இவற்றையெல்லாம் ரதி பிறகு, யாராவது வெளியே வரும்போது, ‘ளாம் ளாம்’ என்றே கேட்டறிந்தாள். கதை நடக்கும்போது அவள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். என்ன என்று அவள் கேட்க, டில்ஷானி படிக்கு வெளியே வந்தாள்.

“அத தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதும்மா,” என்றுவிட்டு உள்ளே போனாள்.

ரதி கைமாற்றிப் போனைப் பிடித்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை புதிது, போன் திரையில் தெரிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு பின்னேரம் ஹைஃபாவில் சைரன் ஊதியது. ரதி ரிவ்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வீட்டின் சீமெந்து அறைக்குள் போய் இரும்புக் கதவைச் சாத்தினாள். கிழவியின் சின்ன வயதில் ஏதோ ஒரு நிலவறையில் நடந்ததெல்லாம் அவளுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ரதியின் முகத்தைப் பார்த்தாள். ரதி போனை எடுத்தாள். வெளியே ஏதோ விழுந்து சுவர் அதிர்ந்தது. டில்ஷானியின் குரல் கேட்டதும் கிழவி பேசத் தொடங்கினாள், நிறுத்தவில்லை. பிள்ளை பதில் சொன்னாள், மெதுவாக, ஒரே சீராக.

ரதிக்கும் பயமாக இருந்தது. செத்துப்போவேனோ என்று மகளிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது. இல்லை என்று ஒரு சொல் கேட்டால் போதும்.

“வெளிய வாம்மா,” என்றாள். “ஒரே ஒரு நிமிசம் வெளிய வந்து அம்மாகிட்ட பேசு.”

டில்ஷானி பேச்சை ஒரு கணம் நிறுத்தினாள். கிழவி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளை ஹீப்ருவில் கூப்பிட்டாள். பிள்ளை படியைத் தாண்டினால் அந்தக் கிழவிக்கு ஹைஃபாவில் ஆளில்லை. கொட்டாஞ்சேனையில் வாசற்படிக்கு உள்பக்கம் நின்ற பிள்ளை, நின்ற இடத்திலேயே நின்று, ஹீப்ருவில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ரதி குனிந்து, கிழவியின் கன்னத்தோடு கன்னம் வைத்து, போனின் மறுபக்கத்தில் தன் காதை ஒட்டிக்கொண்டாள். மகள் என்ன சொல்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. குரல் விளங்கியது. சைரன் ஓயும்வரை பிள்ளை சொன்னதையெல்லாம் இரண்டு பேரும் கேட்டார்கள்.