மெழுகண்ணனின் வலது கை

விடிந்தும் விடியாத வேளையிலேயே காகித ஆலையில் வலை நசுக்கும் அச்சு இயந்திரம் இடிக்கத் தொடங்கிவிட்டது. பெரியக்கா பித்தளைக் கம்பிவலையை அச்சின் மேல் இழுத்துப் பொருத்தினாள். கம்பி நுனிகள் கீறி, விரலெல்லாம் ரத்தக் கோடு.

தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியும் நீர்க்குறி முகத்தை, முதலில் மெழுகில் மேடும் பள்ளமுமாகச் செதுக்குகிறவர் மெழுகண்ணன். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, இரண்டு அச்சுக்கு நடுவே வலையை நசுக்குவார்கள். அந்த வலையைப் போர்த்திய உருளை கூழ்த்தொட்டியில் சுழலும். வலையின் பள்ளத்தில் கூழ் தடித்து நிழலாகும். மேட்டில் மெலிந்து வெளிச்சமாகும்.

வேகம் போதவில்லை என்று போன வாரம்தான் கை உள்ளே போகாமல் காக்கும் இயந்திரத்தின் தடுப்புக்கம்பியை முதலாளி கழற்ற வைத்திருந்தார்.

வலையின் ஓரம் மடங்கியது. நீவிவிட மெழுகண்ணன் கை நீட்டினார். அச்சு இறங்கியது.

எலும்பு நொறுங்கிய சத்தம் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்டது. பெரியக்கா பாய்ந்து பிடியை மேலே தள்ளினாள்.

"தங்கச்சி, கை இருக்கா?" முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார். அவள் முந்தானையைக் கிழித்து அவர் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள்.

அவரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய சூடு ஆறுமுன்பே முதலாளி வந்தார், மேஸ்திரியோடு, ஒரு காகிதத்தோடு.

"அவன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கு. பக்கத்துல நின்னவ நீதானே, கையெழுத்துப் போடு. வலையக் கழுவி மாட்டு."

"தடுப்பக் கழட்டச் சொன்னது யாருங்க?"

அறை விழுந்தது. உதடு கிழிந்து தொட்டி விளிம்பில் மோதினாள்.

"வெளிய ஆயிரம் பேர் வேலைக்கு நிக்கிறான், தெரியுமா?"

அவள் ரத்தத்தைத் துப்பினாள். "கூப்பிடுங்க. மெழுகுல ஒரு கண்ணிமை வெட்டிக் காட்டட்டும்."

கூழ்த்தொட்டியைக் கவனிக்கும் தொட்டிக்காரர் சிரித்துவிட்டார். மேஸ்திரியின் இரும்புத்தடி அவர் தோளைப் பிளந்தது. விழுந்தவர் தரையில் சிந்திய கூழில் தவழ்ந்துபோய் ஸ்விட்சை இறக்கினார். பழைய வலையோடு சுழன்றுகொண்டிருந்த உருளை நின்றது.

மேஸ்திரி மறுபடி தடியை ஓங்கினான். தாள் வெட்டும் பெண்கள் நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். கால் வழுக்கி, தொட்டிக்குள் கழுத்தளவு கூழில் விழுந்தான். முதலாளி காவலாட்களைக் கூப்பிட வெளியே ஓட, பெரியக்கா கதவைத் தாழிட்டாள்.

"தடுப்பு திரும்ப வரணும். அண்ணன் வீட்டுல அடுப்பு எரியணும். அதுக்கப்புறந்தான் ஸ்விட்ச்."

உருளையைச் சுற்றிக் கைகோத்து உட்கார்ந்தார்கள். வெளியே தடிகள் கதவை இடித்தன. கதவுப் பலகை விரிசல் விட்டது. ஒரு பெண் விசும்பினாள். பக்கத்துக் கை அவளை இறுக்கியது.

திடீரென்று இடி நின்றது. வெளியே கூச்சல், தள்ளுமுள்ளு. பிறகு, அடுத்த ஷிப்டுக்காரரின் குரல்:

"அக்கா! வாசல மறிச்சுட்டோம்! உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

பெரியக்கா சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாரும்!" என்று கத்தினாள்.