வெறும் எச்சில்

நான்கு பேருடைய சளியை ஒருசேரச் சோதிக்கவேண்டிய மருத்துவமனை இயந்திரம், பழுதுபட்டபின் ஒவ்வொருவருடையதாகத்தான் சோதித்தது. தம்பியின் முறை வந்தபோது, ஆய்வகத்தில் பணிபுரியும் அக்காள் அவனுடைய குப்பியைத் திறந்து பார்த்தாள்.

"வெறும் எச்சில்டா இது. நெஞ்சுச் சளி எங்க?"

"அத்தனை பேர் முன்னாடி எப்படிக்கா காறித் துப்புறது? இதையே போடு. மிஷினுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. காசநோய் இல்லைன்னு சொல்லிடும். நீயும் நேரா வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையக் கொஞ்சுவ."

அவன் புதுக் குப்பியுடன் ஆய்வகத்தின் பின்புறம் சென்றான். அடுத்தவருடைய சளியை அவள் இயந்திரத்தில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணிநேரம் பிடிக்கும்; வரிசையில் இன்னும் பலர் இருந்ததால், இனித் தம்பியின் முறை நாளைதான் வரும். சுவருக்கு அப்பால் எழுந்த இருமல் நெடுநேரம் ஓயவில்லை. இன்றிரவு குழந்தை யாரருகில் உறங்கும் என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை.