கதவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

அக்காவைக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்தது நான்தான். அங்கே நன்றாகக் காற்று வரும் என்று சொன்னேன். அந்த மூலையில் காற்றும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கதவை விரியத் திறந்தால் அங்கே ஓர் ஆள் இருப்பது வருகிறவர்கள் கண்ணில் சட்டென்று படாது, அவ்வளவுதான்.

எங்கள் கட்டடம் முன்பு கிடங்காக இருந்தது. இப்போது மாடி முழுக்கப் பலகையால் தடுத்து, படம் வரைகிறவர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் எல்லா அறைகளையும் திறந்து போடுவார்கள், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இந்த முறை புதிதாக வரைய வந்த பெண்களின் அறைகள் மட்டும். பெரிய கேலரியிலிருந்து ஒரு அம்மா வரப்போகிறார், எங்கள் மாடியிலிருந்து ஒரே ஒரு படத்தை எடுத்துப் புதியவர்கள் கண்காட்சியில் மாட்டப்போகிறார் என்று சேதி வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. பெயரைக் கூப்பிட்டு ஆட்களை உள்ளே அனுப்ப வேண்டும். அங்கே காத்திருக்கிறவர்களைத்தான் வரைகிறேன். கன்னத்தில் கை வைத்தவர்கள், கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டவர்கள், பயத்தில் காலாட்டுகிறவர்கள். இதையெல்லாம் எவன் வீட்டுச் சுவரில் மாட்டுவான் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கும் அதே சந்தேகம்தான்.

அக்கா மட்டும் பார்சல் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு, கையில் ஒரு பெரிய டிபன் டப்பாவோடு வந்து நின்றாள். முதலில் வந்த தம்பதி உள்ளே காலை வைக்கவில்லை, அதற்குள் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இது எல்லாம் என் தங்கச்சி வரைந்தது, சின்ன வயசில் சுவரெல்லாம் கரிக்கட்டையால் கிறுக்கி அடி வாங்குவாள் என்றாள். டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர்கள் பாவம், சிரித்து வைத்துவிட்டு நழுவினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் நாற்காலியை இழுத்துக் கதவுக்குப் பின்னால் போட்டேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழே வாசலில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு வழி சொல்ல நாங்கள் முறை வைத்து அங்கே உட்கார வேண்டும். என் முறை வந்ததும் அக்காவிடம் சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர்களைக் கொடுத்துவிட்டுப் போனேன். யாராவது ஒரு படத்தை வாங்கிக்கொள்கிறேன் என்றால், பக்கத்தில் இருக்கிற பெயர்ச்சீட்டில் ஒரு புள்ளி ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் அந்தப் படம் ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது, வேறு யாரும் கேட்கக்கூடாது. இதைச் சொல்லிவிட்டு, வேறு எதுவும் பேசாதே என்றும் சேர்த்துச் சொன்னேன்.

திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் படங்களில் புள்ளி இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யார், யார் என்று கேட்டேன். வந்தார்கள், கேட்டார்கள், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்களாம் என்று அக்கா டப்பா மூடியைப் பார்த்துச் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் மாமியார் கதை வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்கிற அக்கா, இவர்களில் ஒருத்தர் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்க வேண்டும் என்று நான் விரும்பவுமில்லை.

சந்தோஷம் தலைக்கேறினால் மனுஷன் சும்மா இருக்க மாட்டானே. நேராகப் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே இருப்பவள் மரப்பலகையில் உருவம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுக்கிறவள். தலையில் எப்போதும் தூள் இருக்கும் என்பதால் மாடியில் எல்லோருக்கும் அவள் மரத்தூள்தான். அவள் சுவரில் ஒரு புள்ளி இல்லை. நான் அவள் தோளைத் தட்டி, "மனச விட்டுடாதம்மா. அடுத்த வருஷம் உனக்கும் கண்டிப்பா வரும்" என்றேன். அவள் சரிக்கா என்றாள். வரைதலைப் பற்றி இரண்டு அறிவுரை வேறு சொல்லிவிட்டு வந்தேன். நானே வரையத் தொடங்கி நாளாகவில்லை, எனக்கு அறிவுரை.

கேலரி அம்மா மதியத்துக்குப் பிறகு வந்தார். வேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று அக்காவை வரைந்த படம் அது. ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கி, வாய் கோணி, மருந்து மயக்கத்தில் ஆஸ்பத்திரி பெஞ்சில் சாய்ந்திருப்பாள். தூக்கத்திலும் கைப்பையை விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பாள். அந்தக் கையை வரையத்தான் நான் ரொம்பப் பாடுபட்டேன்.

அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "யார் இவங்க?" என்றார்.

கதவுக்குப் பின்னால் நாற்காலி லேசாக முனகியது. டிபன் டப்பாவும் பளபளப்புமாக அக்கா எழுந்து வந்து பேச ஆரம்பிக்கப் போகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கிளினிக்ல பாத்த ஒருத்தங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் பெயர்ச்சீட்டைப் பார்த்தார். அடடா, போய்விட்டதா என்றார். வாங்கியவர்களிடம் கேட்டுக் கண்காட்சிக்கு இரவல் வாங்க முடியுமா என்றும் கேட்டார். யாரென்று எனக்குத் தெரிந்தால்தானே. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியூர்க்காரர்கள், கிடைக்காது, நிறைய பேர் கேட்கிறார்கள், என்ன செய்வது என்று அலுத்துக்கொண்டேன். பெரிய ஆள் மாதிரி. அவர் சிரித்து வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார்.

அக்கா கதவுக்குப் பின்னாலிருந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இவங்கதான் அந்த கேலரிக்காரங்களா?"

ஆமாம் என்றேன்.

"புள்ளி இல்லேன்னா எடுத்திருப்பாங்களா?"

"எடுத்திருப்பாங்க."

"யாரும் கேக்கலடி. நானாத்தான் ஒட்டினேன்" என்றாள்.

வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார்களாம். இரண்டு புள்ளி இருந்தால் என்னவோ ஏதோ என்று நிற்பார்கள், மேலே வரும்போது நானும் சிரிப்பேன் என்று நினைத்தாளாம். ஒட்ட ஆரம்பித்ததும் கை நிற்கவில்லையாம், பார்சலுக்குச் சீட்டு ஒட்டுகிற ஆபீஸ் பழக்கம். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. உன்னால் என் மானம் போச்சு, உன்னை யார் வரச் சொன்னது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கேலரி அம்மாவைப் பிடித்துச் சொல்லிவிட வெளியே வந்து நாலு எட்டு வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. புள்ளி ஒட்டியது மட்டும்தான் அவள். வெளியூர்க்காரரை உண்டாக்கியது நான், மரத்தூளின் தோளைத் தட்டியதும் நான்.

திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் கண்காட்சியின் அந்த ஒரு சுவருக்காகத்தானே இத்தனை நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்தேன். மரத்தூளின் அறையில் கேலரி அம்மாவைத் தவிர இன்னும் சில பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டியதாயிற்று. என் படம் எதுவும் போகவில்லை, ஒன்றையும் யாரும் கேட்கவில்லை, புள்ளியெல்லாம் சும்மா ஒட்டியது என்றேன். வெளியூர்க்காரர்கள் என்று நான் சொன்னது என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். காது மடல் இரண்டும் எரிந்தது.

கேலரி அம்மா கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தணிந்த குரலில், முதலிலேயே சொல்லியிருக்கலாமே, இப்போதுதான் இவர்களுக்கு வாக்குக் கொடுத்தேன் என்று மரத்தூளின் சுவரைக் காட்டினார். கவிழ்ந்து கிடக்கிற ஒரு சைக்கிள், கறுப்பு மையில். நல்ல படம். காலையில் நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

வாசல் வரை மரத்தூள் என்னோடு வந்தாள். "மனச விட்டுடாதீங்கக்கா. அடுத்த வருஷம் உங்களுக்கும் கண்டிப்பா வரும்" என்றாள். குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே சொன்னாள். நான் சொன்னதை ஆறுதல் என்று நம்பி வைத்திருந்திருக்கிறாள்.

என் அறையில் அக்கா புள்ளிகளை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போயிருந்தது, அவள் படத்தில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

"இத ஏன் விட்ட?" என்றேன்.

"இது பொய் இல்ல. மத்ததெல்லாம் உனக்காக ஒட்டினேன். இத எனக்காக ஒட்டினேன். சாயங்காலம் எல்லாரும் போனப்பறம் கேக்கலாம்னு இருந்தேன்." சுரண்டிய ஸ்டிக்கர்களை உள்ளங்கையில் உருட்டினாள். "அந்தம்மா யாருன்னு கேட்டப்ப நீ வேற யாரோன்னு சொன்னியா, எனக்கே சந்தேகமாயிடுச்சு. இது நான் இல்லையோ, கேட்டா தப்பா நெனப்பியோன்னு."

சொல்லிவிட்டுப் பழையபடி கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சொல்லாமலே. அவளை எழுந்து வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் பக்கம் தலையைத் திருப்பவே முடியவில்லை.

அப்போது ஒரு வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். அந்த அம்மாள் வீங்கிய கன்னத்துக்கு முன்னால் நின்று, யாருங்க இது, நல்லா இருக்காங்களே என்றார்.

"எங்க அக்கா" என்றேன்.

குரல் எழும்பவில்லை போலிருக்கிறது. அவர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி யாரு என்று கேட்டார். நான் போய்க் கதவைச் சாத்தினேன். நாற்காலியில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அக்கா. இவங்கதான்."