ஓநாயின் பெயர்

மூன்றாவது தடவையாக மலையேறி வந்திருந்தாள் தஃபினா. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அல்பேனியச் சொற்களின் பிறப்பைச் சொல்லும் அகராதி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓநாய்க்கு இந்த ஊரில் மட்டும் வேறொரு பழைய பெயர் உண்டு என்று மூன்று வருடமாகச் சாதித்துவருகிறாள். ஊர்க்காரர் வாயால் சொன்ன ஒலிப்பதிவு இல்லையென்றால் அந்த வரியைத் தூக்கிவிடுவேன் என்று தலைநகர் திரானாவில் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

மேய்ப்பர் பாஷ்க் ஒன்றும் கஞ்சனில்லை. ராக்கிச் சாராயம் ஊற்றினார், பாலாடைக்கட்டி வைத்தார், கேட்காத சொற்களையெல்லாம் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டினார். கொம்பில்லாத ஆட்டுக்கு மட்டும் நான்கு பெயர். ஆனால் ஓநாய் என்று வந்தால் ‘வாய்கட்டினவன்’தான். அவர் மனைவி ம்ரிகா, ரோமம் வெட்டும் கத்தரிக்கோலைக்கூட நூலால் இறுகச் சுற்றி ஆணியில் மாட்டியிருந்தாள்; கத்தரி திறந்தால் ஓநாயின் வாயும் திறக்குமாம்.

“ஆடெல்லாம் மேல நிக்குது பொண்ணே. பேரச் சொன்னா அதுக்குக் காது கேக்கும். அக்டோபர்ல கீழ இறங்கட்டும், பத்துத் தடவ சொல்றேன்” என்றார் பாஷ்க்.

தஃபினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய குறிப்பொன்றில் படித்திருந்த அந்தப் பெயரை அவளே சத்தமாகச் சொல்லிவிட்டாள். (நான் எழுதமாட்டேன். என் தம்பியின் ஆடுகளும் மேலேதான் நிற்கின்றன.)

“இதுதானே மாமா? ஆமான்னு சொன்னா என்ன கொறஞ்சிடும்?”

ம்ரிகா போய் நூலை இன்னும் இறுக்கினாள். பாஷ்க் பாதிக் காபியோடு எழுந்து, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். இந்தக் காலத்திலும் இப்படியா என்று தஃபினா மனதுக்குள் பொரிந்து தள்ளினாள்.

மறுநாள் முற்பகல் அவர் இறங்கி வந்தபோது கையில் ஒரு மணி மட்டும் இருந்தது. முன்னால் நடக்கும் கிடாயின் மணி. அதோடு சேர்த்து அவருக்கு இருந்த பதினோரு ஆடும் ஓநாய்க்குப் போய்விட்டது.

தற்செயல்தான் என்று அவளுக்குத் தெரியும். யாராவது திட்டினால் அதைச் சொல்லலாம். ஆனால் விருந்தாளியைக் குறை சொல்வது அந்த மண்ணில் நடக்காத காரியம். ம்ரிகா வழக்கம்போல் முதல் காபியை அவளுக்கே வைத்தாள். அதைத்தான் தஃபினாவால் தாங்க முடியவில்லை.

பாஷ்க் எதிரே உட்கார்ந்து மணியை மேசைமேல் வைத்தார்.

“போன எடு, பதிவு பண்ணு.”

“வேணாம் மாமா.”

“எடுன்னு சொல்றேன்ல. நீ சொன்னது சரிதான். நானும் சொல்றேன், பிடிச்சிக்கோ. இனிமே எந்த ஆட்டுக்காக நான் வாய மூடிட்டு இருக்கணும்?”