திரையில் இல்லாத படகு

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. கடலைக் கண்ணால் பார்க்காமலே கடலுக்குக் காவல் இருக்கும் எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்க அண்டை நாடுகள் மூன்றும் சேர்ந்து அமைத்த கண்காணிப்பு அறை இது. படகுக்கு இருப்பிடம் காட்டும் ஒரு கருவி, திரையில் படகுக்கு ஒரு பச்சைப் புள்ளி. புள்ளி மறைந்து அரை மணி ஆனால் ரோந்துக் கப்பலுக்குத் தகவல் தானாகவே போய்விடும். யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அப்படியொரு விதி வேண்டும் என்று வரிந்து கட்டிக்கொண்டு பேசியவளே நான்தான்.

காலை பத்து மணிக்கு என் தம்பியின் புள்ளி மறைந்தது. எல்லைக்கு இரண்டு மைல் இந்தப்பக்கம்.

மீன் கூட்டம் கண்ணில் பட்டிருக்கும். மற்ற படகுகள் இடத்தைத் தெரிந்துகொண்டு வந்து மொய்த்துவிடும் என்று கருவியை அணைத்துவிடுவது எங்கள் துறைமுகத்தில் எல்லோருக்கும் பழக்கம். வேண்டாம் என்று எத்தனையோ முறை தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். சிரித்தே மழுப்பிவிடுவான், படுபாவி.

வயர்லெஸ்ஸில் ஏழு முறை கூப்பிட்டேன். வலை இழுக்கும்போது அவன் எதையும் காதில் வாங்கமாட்டான். அரை மணி ஆனது, தகவல் போய்விட்டது. அவன் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ராட்சத இழுவலை மீன்பிடிக் கப்பல் ஒன்று, புள்ளி பளிச்சென்று எரிய, உரிமத்தோடு கடலை வழித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்டை நாட்டு ரோந்து அதிகாரி வயர்லெஸ்ஸில் வந்தார். படகு அவர்கள் எல்லைக்குள் அரை மைல் வந்திருந்ததாம். உங்கள் பக்கம் வலை போட்டு நீரோட்டம் இழுத்து வந்திருந்தால் எச்சரித்து விட்டுவிடலாம், இல்லையென்றால் ஒப்பந்தப்படி படகை மூழ்கடிக்க வேண்டும், பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் தம்பியின் குரல் கேட்டது.

"அக்கா, நீதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருக்கியே. நம்ம பக்கந்தான் வலை போட்டேன்னு சொல்லுக்கா."

அவன் பொய் சொல்லமாட்டான். நான் சத்தியமே செய்வேன். அதிகாரி கேட்டது பதிவை. திறந்தேன். பத்து மணிக்குப் பிறகு புள்ளி இல்லை, வெறும் கடல் நீலம்.

"பதிவு இல்ல சார்."

உத்தரவில் எழுத வேண்டும், படகின் பெயரை உறுதிப்படுத்துங்கள் என்றார் அதிகாரி. என் நகைகளை விற்று வாங்கிய படகு அது. பெயர் வைத்தவன் அவன்.

"அக்கா துணை," என்றேன்.

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்றார்.