மேசைக்கு அடியில் பிறைகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தத்திலிருந்து வந்தது. எழுத்து ஆசையால் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு.

சங்ககிரியில், நெடுஞ்சாலை ஓரம் எனக்கொரு தகரக் கொட்டகை உண்டு. அதை வாடகைக்கு எடுத்த அல்தாப் பழைய மில்லிங் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். இரும்பைச் சீவி மட்டம் பண்ணுகிற மெஷின். அதன் மேசையை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கத்தும். பக்கத்திலேயே என் வீடு. மதியச் சோறு தொண்டையில் இறங்காது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சங்ககிரி மலைக்கோட்டையின் மேல் பொன்னிறச் சூரியன்...' அடித்துவிட்டேன். கோட்டைக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

2

அல்தாப் லைன் லாரி ஓட்டியவன். மாதக்கணக்கில் வடக்கே கிடந்து, மகள் நடக்கப் பழகியதைப் போனில் பார்த்தவன். (கண்ணைத் துடைக்க வேண்டாம். அவன் சொன்னதுதான், நான் பார்க்கவில்லை.) இனி லாரி ஏறுவதில்லை என்றுதான் மெஷின் வாங்கினான். மேசை திக்கித் திக்கி நகர்ந்ததால் சீவின இரும்பு அலை அலையாக வந்தது. போர்வெல் வண்டிக்காரர்கள் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை வடக்கே கிளம்பும் வண்டிக்கு வரச் சொல்லிப் பழைய முதலாளி ஆள் விட்டார்.

அவனை நான் நம்பவில்லை. கதைக்குள் வைத்தும் நம்பவில்லை. இவ்வளவு பொறுப்பான ஆள் எங்கே இருக்கிறான்? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்குப் போகுமுன் கிரீஸ் கன்னை எடுப்பான். மெஷினில் எண்ணெய் விடுகிற வாய், நிப்பிள் என்பார்கள், அது எல்லாவற்றிலும் பிதுங்கும்வரை அடிப்பான். லாரிக்கு அப்படித்தான் செய்து பழக்கம். சத்தம் கூடக் கூட இன்னும் அடித்தான்.

3

மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று நான் சொன்ன அன்று, அவன் மனைவி இர்பானா சோறு கொண்டுவந்தாள். இளம்பிள்ளை ஊரில் நெய்கிற சேலைக்கு ஓரம் தைக்கிறவள். பிதுங்கியிருந்த கிரீஸை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, என் தையல் மெஷினுக்கு இதை அடிச்சா ஓடுமாங்க?"

அல்தாப் சிரித்தான். "அது தையல் மெஷினு. இது பத்து ஆளு தூக்குற இரும்பு."

"கனம் கூடுனா எண்ணெய் வேண்டாமாக்கும். லாரிய நீங்க வுட்டாலும் லாரி உங்கள வுடல."

(இந்த இடத்தில் 'அவளது அறிவுக்கண்...' என்று ஒரு வாக்கியம் எழுதப்போய் நிறுத்திவிட்டேன். அவள் கேட்டது ஒரு கேள்வி. அவ்வளவுதான்.)

4

ஞாயிற்றுக்கிழமை செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பி போட்டு மேசையைத் தூக்கினோம். எண்ணெய் இறங்க வேண்டிய குழாய்களில் கிரீஸ் இறுகி மெழுகாக அடைத்திருந்தது. கம்பி விட்டுக் குத்தி எடுத்தோம். டீசல் ஊற்றிக் கழுவினோம்.

கழுவக் கழுவ, மேசை உட்காரும் இரும்பில் சின்னச் சின்னப் பிறைகள் தெரிந்தன. வரிசை வரிசையாக. துரு என்று சுரண்டப் போனேன். அல்தாப் என் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை ஊற்றினான். எண்ணெய் ஓடியது. ஓடின வழியில் பிறை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு துளியைப் பிடித்து வைத்துக்கொண்டது.

இர்பானா முக்காட்டை இழுத்துவிட்டு, "சுபஹானல்லா" என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

எந்த ஊர்க்காரனோ கையால் செதுக்கியிருக்கிறான். யாரும் பார்க்காத இடத்தில். நான் சாமிக்கே பாதிக் கும்பிடு போடுகிறவன். அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டேன். அதற்கு மேல் எழுத முயன்ற மூன்று வரியும் பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

மேசையை இறக்கியதும் இர்பானா கைப்பிடியைச் சுற்றினாள். மேசை போனது. போனது கண்ணுக்குத்தான் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

5

முடிவு ஒன்று: வெட்டின இரும்பு கண்ணாடியாக வந்தது, அல்தாப் லாரி ஏறவில்லை. இது சினிமா.

முடிவு இரண்டு: எண்ணெய் இல்லாமல் ஓடியே மேசை தேய்ந்துவிட்டது, மறுபடியும் அலை. இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நடந்ததில் பாதி சொல்கிறேன். திங்கட்கிழமை காலை, வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அல்தாப் ஒரு இரும்புத் துண்டைப் பூட்டி, மெஷினை ஓட்டி, சீவலைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினான்.

"நீங்க பாருங்க பெரியவரே. நான் பாத்தா நல்லதாத்தான் தெரியும்."

துண்டு சூடாக இருக்கிறது. அதை உங்கள் கையில் வைக்கிறேன். அலை தட்டுகிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். லாரிக்காரனைப் போகச் சொல்வதா, நிற்கச் சொல்வதா என்று நீங்களே அல்தாபிடம் சொல்லுங்கள்.